முத்துக் குளித்த கடலும் இல்லாமல் போன அமிலக் கணக்கும்

பட்டுச் சேலைக்கும் கோயிலுக்கும் பேர் போன காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கடலுக்கு அடியில் முக்குளிப்பதைப் பற்றி இவன் என்ன எழுதப் போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2019 வரைக்கும் எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடல் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் ஒரு பழைய உரிமையில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

விஷயத்துக்கு வருவோம். கடல் நீர் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தன்மை கூடிக்கொண்டு வருகிறது. இதனால் கடலடிக் காடுகளுக்கு என்ன ஆகும் என்று பார்க்க கலிபோர்னியா, நார்வே, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கப்பலில் போய் முக்குளித்து ஆராய்கிறார்கள். அந்தக் காடுகளுக்கு 'கெல்ப்' என்று பெயர். பழுப்பு நிறப் பெரும்பாசி. சில வகைகள் தென்னை மர உயரத்தையும் தாண்டி வளரும். இப்படி ஒரு பயணத்தை நம் தமிழ்க் கடலில் திட்டமிட்டால் எங்கிருந்து தொடங்குவது? கப்பலில் இருந்தா, கருவியில் இருந்தா? இரண்டும் இல்லை, பழைய கணக்குப் புத்தகத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

நம் கடலில் கெல்ப் உண்டா?

இல்லை. கெல்ப் குளிர்ந்த நீரில் வளர்வது. நமக்கு அருகில் அது இருக்கும் இடம் ஓமன் நாட்டின் தோபார் கரை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்து வருவதால் அங்கு மட்டும் பிழைக்கிறது.

ஆனால் கெல்ப்பின் தூரத்து உறவினர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரையுள்ள மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் பாசியும் கலந்த படுகைகள் உண்டு. அங்குள்ள மக்கள் பாசிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி. முதல் இரண்டும் கெல்ப்பைப் போலவே பழுப்புப் பாசிகள். மற்ற இரண்டும் சிவப்புப் பாசிகள், 'அகர் அகர்' எடுக்கப் பயன்படுபவை. ஆக நம் ஊரில் கடலடிக் காடு என்றால் அது மன்னார் வளைகுடாதான்.

அமிலம் என்றால் புளிப்பா?

இல்லை, பயப்பட வேண்டாம். கடல் நீர் இன்னும் காரத்தன்மை உள்ளதுதான். பி.எச். அளவில் 7க்கு மேல் காரம், 7க்குக் கீழ் அமிலம் என்று பள்ளியில் படித்திருப்போம். தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் மேல்மட்ட நீரின் சராசரி பி.எச். சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. வெறும் 0.1தானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோல் பத்தின் மடங்குகளில் ஏறி இறங்குவது. அதனால் 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி கிட்டத்தட்ட 26 விழுக்காடு கூடிவிட்டது என்று பொருள்.

காரணம் நாம் விடும் கரியமில வாயு. அதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. நீரோடு சேர்ந்து அது கார்பானிக் அமிலமாகிறது. அமிலத்தில் இருந்து வெளிவரும் ஹைட்ரஜன், நீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் ஓடு கட்டுவதற்கு அந்தக் கார்பனேட்தான் வேண்டும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சிப்பியின் ஓடு சுண்ணாம்புப் பொருள். கட்டுகிற சிப்பிக்குச் சுண்ணாம்பு கிடைப்பது கடினமானால் ஓடு மெலியும்.

பாசிகளின் கதை வேறு. அவற்றுக்குக் கரியமில வாயு உணவு. இத்தாலியில் இஸ்கியா தீவை ஒட்டிக் கடலடியில் இருந்து இயற்கையாகவே கரியமில வாயு குமிழியிட்டு வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே முக்குளித்து ஆராய்ந்தவர்கள் 2008ல் வெளியிட்ட முடிவு: வாயு வரும் இடத்தை நெருங்க நெருங்கச் சுண்ணாம்பு ஓடுள்ளவை குறைகின்றன, கடற்புல்லும் சில பாசிகளும் செழிக்கின்றன. அப்படியானால் மன்னார் வளைகுடாவில் என்ன நடக்கும்? பவளம் தோற்றுப் பாசி வெல்லுமா? எந்தப் பாசி? கட்டக்கோரையா, மரிக்கொழுந்தா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் பயணம் போக வேண்டும்.

சரி, 'மாறியிருக்கிறது' என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் சரித்திரம் வருகிறது.

முதல் முக்குளிப்பவர்கள்

உலகத்தில் மனிதர்கள் தொடர்ந்து முக்குளித்துப் பார்த்து வந்த மிகப் பழைய கடலடிகளில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. முத்துச் சிப்பி கிடைக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொல்லாயிரம் பார் பிரபலமானது. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர், ஒரு ஆழம், ஒரு அடையாளம்.

முத்துக் குளிப்பு நினைத்த நேரத்தில் நடக்காது. முதலில் அரசாங்கப் படகு போகும். முக்குளிப்பவர்கள் இறங்கி மாதிரிக்குச் சிப்பி எடுத்து வருவார்கள். எண்ணிப் பார்த்து, வயது பார்த்து, போதும் என்று தோன்றினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்கும் முன்னால், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலை ஒட்டி, கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் காலம். கனமான கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். மூச்சை அடக்கி ஒரு நிமிடத்தை ஒட்டி அடியில் இருந்து வேலை பார்ப்பார்கள். மேலே கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி மேல் அக்கறை உள்ளவன் கயிற்றை விட மாட்டான் அல்லவா! சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று ஒருவரும் உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட காலம், மாதிரி எடுத்தல், எண்ணுதல், பாதுகாப்புக்கு ஒரு துணை. இன்றைக்கு அறிவியல் முக்குளிப்புக்கு எழுதப்படும் திட்டத்திலும் இதே தலைப்புகள்தான் இருக்கின்றன.

வெள்ளைக்காரர்கள் குறிப்பு எடுக்கிறார்கள்

1889ல் தூத்துக்குடியில் நடந்த முத்துக் குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து, மறு ஆண்டு மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

அடுத்து வந்தது உண்மையான கப்பல் பயணம். இலங்கைப் பக்கம் பல ஆண்டுகளாகச் சிப்பி பொய்த்துப் போனதால் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை இலங்கை அரசாங்கம் அழைத்தது. 1902 ஜனவரியில் அவர் கொழும்பு வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். 'லேடி ஹேவ்லாக்' என்ற அரசாங்க நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றி ஆராய்ந்தார்கள். அதன் அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பாசி, பவளம், கடற்பஞ்சு, நண்டு, புழு என்று ஒன்று விடாமல் பட்டியல். இன்றைக்கும் நம் கடலைப் பற்றிய பெரும் ஆவணம் அது.

ஆனால் அதில் ஒரு எண் இருக்க முடியாது. பி.எச். அளவு! ஏனென்றால் பி.எச். என்ற அளவுகோலையே டென்மார்க்கின் சோரன்சன் 1909ல்தான் அறிமுகப்படுத்தினார். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்த காலம் அது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடல் மாறத் தொடங்கிய நேரத்தில் கப்பல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், முக்குளிப்பவர்கள் இருந்தார்கள், அளவுகோல் மட்டும் பிறக்கவில்லை.

ஹெர்ட்மன் பயணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் போன பிறகு சிப்பி திரும்ப வந்தது. 1905ல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு வருமானத்தில் சாதனை படைத்தது. உடனே ஒரு தனியார் கம்பெனி 1906ல் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி மறுபடி காணாமல் போனது. 1912ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐந்து பாக அறிக்கை கையில் இருந்தும் அடுத்த ஐந்து வருடத்தைச் சொல்ல முடியவில்லை. ஒரு முறை போய் நன்றாகப் பார்ப்பது வேறு, வருடா வருடம் ஒரே இடத்தைப் பார்ப்பது வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகு

1947ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் மண்டபத்தில் இருந்தது. பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் 1943ல் உருவாக்கிய 'அக்வாலங்' கருவி வழிவந்த ஸ்கூபா முறையை இந்த நிறுவனத்தார் கையில் எடுத்துக்கொண்டு பார்களுக்குள் இறங்கினார்கள். மகாதேவன், நாகப்பன் நாயர் போன்றவர்கள் முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் பவளப்பாறைகளையும் நேரில் பார்த்து எழுதிய கட்டுரைகள் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. நம் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக் குளிப்பு வரிசை.

1962 முதல் 1965 வரை சர்வதேச இந்தியப் பெருங்கடல் பயணத்தில் நம் கடற்படையின் 'கிஸ்த்னா' கப்பல் பங்கெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1966ல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. ஆனால் பெரிய கப்பல் ஆழ்கடலுக்குத்தான் சரி. பாசிப் படுகைக்கு மேல் அது போக முடியாது, தரை தட்டும்.

பாசிக்கென்று தனிக் கணக்கு 1971ல் தொடங்கியது. 1976 வரை ராமேஸ்வரத்தில் இருந்து குளச்சல் வரைக்கும், தீவுகள் உட்பட, 17,125 ஹெக்டேர் பரப்பை ஆராய்ந்து, சுமார் 22,000 டன் பாசி இருப்பதாக மதிப்பிட்டார்கள். பிறகு 1986 முதல் தனுஷ்கோடியில் இருந்து கன்னியாகுமரி வரை ஆழமான பகுதியிலும் முக்குளித்துப் பார்த்தார்கள். ஐந்து மீட்டரில் இருந்து இருபது மீட்டரை ஒட்டிய ஆழம் வரை, சுமார் 1,860 சதுர கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 75,000 டன்.

எவ்வளவு பெரிய உழைப்பு பாருங்கள்! ஆனால் இந்தக் கணக்கின் நோக்கம் எவ்வளவு அறுவடை செய்யலாம் என்பது. நீரின் வேதியியல் எப்படி மாறுகிறது என்பது அன்றைய கேள்வி அல்ல. 'கடல் அமிலமாதல்' என்ற சொல்லே 2003ல்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. கடலின் பி.எச். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 0.02 அளவில்தான் குறைகிறது. நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அளந்த பழைய முறைகளால் அவ்வளவு நுண்ணிய மாற்றத்தை நம்பிப் பிடிக்க முடியாது.

தொடர்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும்?

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தீவுகளின் பவளத்தைப் பல ஆண்டுகளாக முக்குளித்து அளந்து வருகிறது. உயிருள்ள பவளம் 2005ல் சுமார் 37 விழுக்காடு. அந்த ஆண்டோடு பவளப்பாறை வெட்டுவது நின்றது. 2009ல் 43க்கு ஏறியது. 2010ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது, 33க்கு இறங்கியது. மெல்லத் தேறி 39 வரை வந்தது. 2016ல் மறுபடி சூடு, 23க்கு விழுந்தது.

இது அமிலத்தால் அல்ல, வெப்பத்தால் வந்த இழப்பு. ஆனாலும் இந்த ஐந்து எண்களைப் பாருங்கள். வெட்டுவதை நிறுத்தினால் பவளம் தேறும் என்பதும், தேறியதை வெப்பம் பறிக்கும் என்பதும் இந்த வரிசையில் இருந்துதான் தெரிகிறது. ஒரே ஒரு முறை போயிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. பவளத்துக்கு இருக்கும் இந்த வரிசை பாசிக்கும் நீரின் அமிலத்துக்கும் சேர்ந்து வேண்டும். அதுதான் பயணத்தின் நோக்கம்.

அப்படியானால் திட்டம் எப்படி இருக்கும்?

முதலாவது, இடம். புதிய இடம் தேடக் கூடாது. 1971லும் 1986லும் பார்த்த அதே படுகைகள், தர்ஸ்டனும் ஹார்னெலும் எழுதிய அதே பார்கள். ஹெர்ட்மன் போன பார்கள் மட்டும் நமக்குக் கிடையாது. 1976ல் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்தபோது அவை இலங்கைப் பக்கம் இருந்தன. இரு நாட்டு மாணவர்களும் சேர்ந்து போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம் பக்கத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி முதலில் வேண்டும்.

இரண்டாவது, காலம். முத்துக் குளிப்பின் பழைய காலமேதான். மாமல்லபுரத்தில் கடலில் மூழ்கிய கட்டட எச்சங்களைத் தேடி தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் குழுவும் சேர்ந்து இறங்கியதும் 2002 ஏப்ரலில்தான்.

மூன்றாவது, கப்பல். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்திடம் 'சாகர் தாரா', 'சாகர் அன்வேஷிகா' என்ற கரையோர ஆய்வுக் கப்பல்கள் உள்ளன. அப்படி ஒன்று வெளியே நங்கூரமிட்டு ஆய்வுக்கூடமாகவும் காற்றுக் குப்பி நிரப்பும் இடமாகவும் இருக்கும். படுகைக்குப் போவது நாட்டுப்படகில். இறங்குவது எப்போதும் இரண்டு பேர் (மைத்துனர் முறை இன்னும் வாழ்கிறது!). ஏறும்போது அவசரப்பட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி வரும் என்பதால், அழுத்த அறை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, நேரம். இது பலருக்குத் தோன்றாது. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சும், படுகையில் பி.எச். ஏறும். இரவில் மூச்சு மட்டும் விடும், பி.எச். இறங்கும். பகலில் மட்டும் முக்குளித்து அளந்தால் கடல் நலமாக இருக்கிறது என்று ஏமாந்து போவோம். அதனால் படுகையில் ஒரு கருவியை இரவும் பகலும் விட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாவது, அளவு. கண்ணாடிக் குப்பியில் நீர் எடுத்து, அதில் உயிர் வேலை செய்யாமல் இருக்கத் துளி பாதரசக் குளோரைடு விட்டு, இறுக்கி மூடிக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். பி.எச். அளக்க ஒரு சாயத்தைக் கலந்து அதன் நிறத்தைக் கருவியால் படிப்பார்கள். எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பட்டை சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பிசின் நீக்குவது காரத்தில், சாயம் ஏற்றுவது அமிலத்தில். தொட்டி கொஞ்சம் மாறினால் நிறம் மாறும் என்பது அவர்களுக்குப் பரம்பரைப் பாடம். நீண்ட கால மாற்றத்தைப் பிடிக்க உலக அளவில் சொல்லும் துல்லியம் 0.003. பட்டறைக் கண்ணுக்குக்கூட அது எட்டாது!

இரண்டு சாட்சிகள்

பழைய பி.எச். எண் இல்லையே, அப்புறம் எதோடு ஒப்பிடுவது என்று கேட்கலாம். அமெரிக்காவின் வடமேற்கில் டட்டூஷ் என்ற தீவில், கெல்ப் கடலை ஒட்டி, ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். இன்றைய கடற்சிப்பி ஓடுகளை 1970களில் எடுத்து வைத்த ஓடுகளோடும், அந்த மண்ணின் பழங்குடி மக்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பு தின்றுவிட்டுப் போட்ட ஓடுகளோடும் ஒப்பிட்டார்கள். பழையவை தடிமனாக இருந்தன.

நம்மிடம் கொற்கை இருக்கிறது. அகழாய்வில் சங்கும் சிப்பியும் கிடைத்த பழைய முத்துத் துறைமுகம். அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடக்கும் ஓடுகள் வெறும் காட்சிப் பொருள் அல்ல. அவை அந்தக் காலக் கடல் தன் கையால் எழுதிய கணக்கு. பயணத்தின் முதல் வாரத்தைக் கடலில் கழிக்காமல் அருங்காட்சியகத்தில் கழித்தாலும் தப்பில்லை.

இரண்டாவது சாட்சி உயிரோடு இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி இறங்குகிறார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் 'சீகாலஜி' விருது கிடைத்தது. எந்தப் பாறையில் முன்பு மரிக்கொழுந்து இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று சொல்ல இவர்களை விட்டால் ஆள் இல்லை. பாசி மாறினால் முதலில் குறைவது இவர்களின் அன்றாடக் கூலி. அதனால் இவர்களை வழிகாட்டியாக மட்டும் கூட்டிப் போகாமல் கணக்கு எழுதும் குழுவிலேயே சேர்க்க வேண்டும். அன்றைய முக்குளிப்பவர்கள் எடுத்து வந்த சிப்பியின் எண்ணிக்கை அறிக்கைகளில் இருக்கிறது, அவர்கள் பெயர்கள் இல்லை. அந்தக் குறையை மறுபடி செய்யக் கூடாது.

1902ல் அளவுகோல் இல்லை, 1971ல் கேள்வி இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. இன்றைக்கு ஒரு குப்பி நீரை எடுத்து, தேதியும் இடமும் ஆழமும் நேரமும் எழுதி வைத்தால், 2050ல் யாரோ ஒரு மாணவன் நம்மைத் திட்டாமல் இருப்பான் :-)

தூத்துக்குடி, ராமேஸ்வரம், மன்னார் பக்கத்து நண்பர்கள் யாராவது படித்தால், உங்கள் ஊரில் பாசிகளுக்கும் பார்களுக்கும் வழங்கும் பெயர்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதுவும் ஒரு கணக்குத்தான். அடுத்த பதிவில் சந்திப்போம்.